வண்டி காலி

ரயில் பெட்டியைச் சுத்தம் செய்வதில் அதிக நேரம் பிடிப்பது கழிவறை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை சார், வேர்க்கடலைத் தோல். சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டால் துடைப்பமும் எடுக்காது, மெஷினும் எடுக்காது. விரலைத்தான் விட வேண்டும். இதைப் பற்றி என்னால் வெகுநேரம் பேச முடியும். வீட்டில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தாம்பரம் யார்டில் துப்புரவுக் கான்ட்ராக்டில் நான் சூப்பர்வைசர். பேச்சு குறைவு. ஓய்வு கிடைத்தால் புத்தகம். கதையில் ஒரு நாய் செத்தால்கூட அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. அவ்வளவு மென்மையான மனம் என்று என்னைப் பற்றி நானே நினைத்து வைத்திருந்தேன்.

தெற்கேயிருந்து காலையில் வரும் வண்டி முன்பெல்லாம் நாள் முழுக்க யார்டில் கிடந்து, இருட்டிய பிறகுதான் திரும்பும். மதியமே திருப்பி அனுப்பலாம் என்று மீட்டிங்கில் சொன்னது நான். வாயே திறக்காதவன் அன்று திறந்தேன். செய்து காட்டு என்றார்கள். அதிகாரிகள் பிளாட்பாரத்துக்கு வருவார்கள், சால்வை உண்டு என்றும் காதில் விழுந்தது.

முதன்முதலாக மதியமே திருப்பிய அன்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு பக்கம் தண்ணீர் ஏறியது, மறுபக்கம் குப்பை இறங்கியது, அடியில் பிரேக் பார்த்தார்கள். அப்போது துப்புரவு வேலை செய்யும் தனம் அக்கா வந்து நின்றார்.

"சார், ஏசி பொட்டில மேல ஒரு பெரிசு பட்த்துகினு கீது. எயுப்புனா எயுந்துக்க மாட்டேங்குது."

"தூங்குறாரு, விடுங்கக்கா."

"தூங்கற மூஞ்சியா சார் அது? வாய் ஒரு பக்கமா இஸ்துகினு கீது. ஆபீசாண்ட சொல்லு சார்."

"நான் சொல்லிக்கறேன். நீங்க அடுத்த பெட்டியப் பாருங்க."

"இன்னாவோ போ சார். சால்வ மேலயே கண்ணு உனக்கு."

ஆபீசில் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸ் வரும், உங்கள் போலீஸ் ஆட்கள் வருவார்கள், பெட்டியை மூடிவிட்டு ஆளாளுக்கு விசாரிப்பார்கள். பெட்டிக்குக் கோளாறு என்றால் அதைக் கழற்றி 'சிக் லைன்' என்ற தனித் தண்டவாளத்தில் விட்டு வைத்தியம் பார்ப்போம். மனிதருக்கு அப்படி ஒரு லைன் அங்கே கிடையாது. குறை என்னிடம் இல்லை, ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்று தோன்றியது. நிறையப் படிப்பதால் இது ஒரு வசதி, எதற்கும் ஒரு வாக்கியம் கிடைத்துவிடும்.

ஏறிப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் கண்ணாடி. கசங்கிய போர்வையை எடுத்துவிட்டு, உறை பிரித்து ஒரு புது விரிப்பைத் தலை வரை போர்த்தினேன். பகல் வண்டியில் மேல் பெர்த்தில் போர்த்திக்கொண்டு கிடப்பவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். திருச்சியில் யாராவது பார்ப்பார்கள், அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நினைத்தேன். தாம்பரத்திலும் இருக்கிறது, நடந்தே போகலாம். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

யார்டு கேட்டில் ஒரு பெண் காத்திருந்தார். அபிகாயில் என்ற பெயரைப் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"சார், செம்பாக்கத்துலேர்ந்து வர்றேன். எங்கப்பா அசரியா இந்த ட்ரெயின்லதான் வந்தாரு. ப்ளாட்பார்ம்ல இறங்கவே இல்ல. நான் ஏறிப் பாக்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டாங்க. போன் ரிங் போகுது, எடுக்க மாட்டேங்குறாரு."

அவ்வளவு சீக்கிரம் எடுக்கச் சொன்னதும் நான்தான்.

"வண்டி காலிம்மா."

"ஒரு தடவ நான் உள்ள பாத்துக்கட்டுமா, ப்ளீஸ்?"

"நானே பாத்துட்டுதான் வர்றேன். செங்கல்பட்டுலயே இறங்கியிருப்பாரு. அங்க போய்க் கேளுங்க."

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வண்டி பிளாட்பாரத்துக்குப் புறப்படும் முன் நான் மறுபடி அந்தப் பெட்டிக்குப் போனேன். போன் அடித்துக்கொண்டே இருந்தால் யாராவது விரிப்பை விலக்கிப் பார்ப்பார்களே என்றுதான். அவர் கண்கள் திறந்திருந்தன. போனுக்காக நீட்டிய என் விரலை இடது கையால் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி. என்னவோ சொல்ல முயன்றார், வரவில்லை. எனக்கு நீண்ட மௌனங்கள் பிடிக்கும். ஆனால் அன்று நேரமில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். திரையில் 'அபி' என்று வந்துகொண்டிருந்தது. போனை அணைத்து அவர் பையிலேயே வைத்தேன். விரிப்பைச் சரிசெய்தேன். பெர்த்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வேர்க்கடலைத் தோல் தெரிந்தது. அதையும் எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

சால்வை போட்டார்கள். போட்டோவில் நான் சிரித்திருக்கிறேன், பல் வரிசை சரியில்லை. விழுப்புரம் தாண்டி டிக்கெட் பரிசோதகர் விரிப்பை விலக்கியபோது உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். நீங்கள்தான் சொன்னீர்கள்.

நான்தான் அவரைச் சாகவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள் சார். இங்கே வந்ததிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.