கயிறு பிடிக்கிற அம்மா

அக்கா, அந்தக் கதவத் திறக்காதீங்க. பூட்டியெல்லாம் இல்ல. உள்ள எங்கம்மா கும்பிட்டுக்கிட்டு இருக்கு. ஆஸ்பத்திரில கும்பிடுறதுக்குன்னு விட்ட ரூமு, அது என்ன பெருசா, ரெண்டு பேரு முட்டி போட்டா நெறஞ்சிடும். கொஞ்சம் இப்படி உக்காருங்களேன். அந்தப் பக்கம் வேணாம், பெஞ்சு ஆடும். செவுத்து ஓரமா வாங்க.

உங்க வீட்டுல யாருக்கு முடியல? பையனுக்கா? ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? சரி, அழாதீங்க. அழுதா மூக்குதான் அடைக்கும். வேற ஒண்ணும் நடக்காது. நான் பாத்துட்டேன்.

எங்களுக்கா? அப்பாவுக்கு. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு. கேட்டா சிரிப்பீங்க, எங்கப்பா பெரிய பெரிய கட்டடத்துல கயித்துல தொங்கிக்கிட்டு பெயிண்ட் அடிக்கிறவரு. காக்கா உக்காரவே யோசிக்கிற எடத்துல உக்காந்து விசில் அடிப்பாரு. அந்த மனுஷன் வீட்டு பாத்ரூம்ல, வாளி பக்கத்துல விழுந்து கெடந்தாரு. என்னக்கா நியாயம் இது?

ஸ்கூலா? நின்னுட்டேன். யாரும் நிறுத்தல, மண்டைல ஏறல. பெயிண்ட் கலக்குறது ஏறிச்சு. பாருங்க, நகத்துல இன்னும் நீலம் போகல.

அம்மாவுக்கும் அப்பா கூடத்தான் வேலை. மொட்டமாடில நின்னு அப்பா கயித்தப் பாத்துக்கும். அதுல எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அப்பா கீழ எறங்கி, கால் தரையில பட்டு, வந்துட்டேன்டின்னு கத்துற வரைக்கும் அம்மா கயித்துலேருந்து கண்ண எடுக்கக் கூடாது. யாரும் அதுகிட்ட பேசவும் கூடாது. ஒருதடவ மேஸ்திரி மேல வந்து என்னமோ கேட்டாரு. அம்மா திரும்பவே இல்ல. ஏம்மா, காது செவுடான்னு கத்துறாரு. அசையல. கீழேருந்து அப்பா கொரல் வந்துச்சு பாருங்க, அப்புறம்தான் திரும்பி, இப்ப சொல்லுங்கண்ணே, காதெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னுச்சு. மேஸ்திரிக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

கும்பிடுறதும் அதே மாதிரிதான். காலைல பெரிய டாக்டர் வந்து, இனிமே கடவுள் விட்ட வழின்னுட்டுப் போனாரு. அவரு கைய விரிச்சிட்டாருன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. அம்மாவுக்கு அது நல்ல சேதியாக் கேட்டுச்சுக்கா. பாத்தியாடி, அவரே கடவுள் கைல குடுத்துட்டாருன்னு மொகமெல்லாம் சிரிப்பா எந்திரிச்சு உள்ள போச்சு. அப்ப போனதுதான். டீ வாங்கி வச்சேன். தோ, ஆடை கட்டிப் போய் நிக்குது.

நானா? நானும் கேட்டேன். எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. நெசமா இருந்தா இப்பவே காட்டு, பெறகு வந்து பிரயோஜனம் இல்லன்னு கேட்டேன். மரியாத பத்தலையோ என்னவோ.

அய்யோ, எந்திரிக்காதீங்கக்கா! அந்த ரூமுக்குள்ளதான் கடவுள் இருப்பாரா, இந்தப் பெஞ்சுக்கெல்லாம் வர மாட்டாரா? இங்கேயே கும்பிடுங்க. நானும் உங்க பையனுக்காகக் கேக்குறேன். சத்தியமா. இந்தத் தடவ மரியாதையாவே கேக்குறேன். எனக்குன்னு கேக்கத்தான் இனிமே ஒண்ணும் இல்ல.

இல்லக்கா, கோவத்துல சொல்லல. எங்கப்பா செத்துட்டாரு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். நர்ஸ் வந்து, பெரியவங்க யாரும் இல்லையான்னு கேட்டுச்சு. என்கிட்டயே சொல்லுங்கன்னேன். சொல்லிடுச்சு.

நீங்க கதவத் திறந்தா நானும் பின்னாடியே உள்ள வரணும். சொல்லணும். என்னன்னு சொன்னாலும் அம்மா திரும்பாதுக்கா. அது கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்குது. கொரல் வந்தாத்தான் விடும். வந்துட்டேன்டின்னு.

அத நான் எப்படிக்கா கத்துறது?