பெட்டியைத் திறக்கணுமா?

— பெட்டியைத் திறக்கணுமா? அவசியமா? முதல்ல அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழ வை.

— ஏங்க, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள பாம்பா இருக்கு? நீங்க எதுக்குக் கட்டில் மேல ஏறி உக்காந்துட்டீங்க?

— பாம்பெல்லாம் இல்ல. அது வந்து... நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்குக் கிளறணும்னேன்.

— நல்லா ஓடுதா? போன ஞாயித்துக்கிழமை பல் டாக்டரம்மா நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. அவங்க கண்ணு முன்னாடியே நீலத் திரை போட்டு நின்னுச்சே, அதுக்குப் பேரு ஓடறதா?

— அது என்னமோ ஒரு தடவை.

— ஒரு மாசத்துல பதினாலு தடவை. காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன். பாடப்புத்தகத்துக்குன்னு நீங்க வரைஞ்ச தவளைக்குக் குடலே காணாமப் போச்சு. அதையும் சேர்த்துத்தான் பதினாலு.

— தவளை பேச்சை எடுக்காத. மூணு நாள் வேலை. பதிப்பகத்துல இருந்து ஃபோன் பண்ணி, "சார், இந்தத் தவளை பட்டினியா?"ன்னு கேக்கறான்.

— கேப்பான்ல? மானம் போறது உங்களுக்கு மட்டும் இல்ல, ஓவியரே. ஒவ்வொரு பார்ட்டா தேடி வாங்கி, இதே தரையில உக்காந்து நான் கட்டின மிஷின் இது. புது கிளினிக்குக்கு ஏழு கம்ப்யூட்டர், அதை நான் கட்டித் தரணுமா வேண்டாமான்னு நாலு மணிக்கு டாக்டரம்மா ஃபோன்ல சொல்றேன்னிருக்காங்க. அதுக்குள்ள இதுக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியணும்.

— தெரியட்டும், தெரியட்டும். மெதுவாத் தெரியட்டும்.

— அன்னைக்கு அது நின்னதும் டாக்டரம்மாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?

— தண்ணி வேணுமான்னு கேட்டேன்.

— அதுக்கு அடுத்தது.

— அது வந்து... ஃபேன் போடட்டுமான்னு.

— "வீட்ல கட்டினதுதானே டாக்டர், அப்படித்தான் இருக்கும்"னீங்க. அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.

— வாய் தவறிடுச்சு.

— அவங்க தட்டைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, "யோசிச்சுச் சொல்றேன்"னு கையைக் கழுவிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு வாரமா நானும் லிஃப்ட் கம்பெனிக்குப் போய்ட்டு வர்றேன். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் இறக்கி விடறேன். என்னை இறக்கி விடத்தான் ஆள் இல்ல.

— இப்படியெல்லாம் பேசாத. எனக்கு வயித்தைப் பிசையுது.

— தவளைக்கு இல்லாத குடல் உங்களுக்காவது இருக்கே. சரி, அடுத்தது. கோளாறு எங்கன்னு ஒண்ணொண்ணாத் தள்ளிக்கிட்டே வருவோம்.

— கரண்டா இருக்கும். நம்ம சுவத்து பிளக்கு எப்பவுமே சரியில்ல.

— லிஃப்ட்காரிக்கே கரண்ட் பாடமா? வேற பிளக்ல போட்டுப் பார்த்தாச்சு. அப்பவும் நின்னுச்சு.

— அப்போ சூடு.

— ரெண்டு ஃபேனும் சுத்துது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டும் பார்த்தேன். காய்ச்சல் இல்ல.

— வைரஸ்! இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் அதுதான்.

— ஒரே இடத்துல நின்னா அப்படிச் சொல்லலாம். இது நீங்க வரையும்போது ஒருக்கா நிக்குது, பாட்டு கேக்கும்போது ஒருக்கா நிக்குது, யாரும் தொடாம சும்மா இருக்கும்போதும் நிக்குது. இடம் மாறி மாறி வர்ற வலி இது. எனக்கு ரேம் மேலதான் சந்தேகம்.

— ரேம் மேலயா... ஏன் அது மேல?

— உங்க பாஷையில சொல்றேன், கேளுங்க. ரேம்ங்கறது மிஷின் வேலை செய்யற பலகை. பலகையில ஊசி முனையளவு ஓட்டை இருந்தாப் போதும். பேனா எப்ப அது மேல போகும்னு யாருக்கும் தெரியாது. போனா தவளைக்குக் குடல் இருக்காது.

— நல்லாத்தான் சொல்ற. ஆனா அதைப் பார்க்கப் பெட்டியைத் திறக்கணுமே. தூசி வரும். உனக்குத் தூசி ஆகாது.

— எனக்கா? லிஃப்ட் குழிக்குள்ள இறங்கற எனக்கா தூசி ஆகாது? பயப்படாதீங்க, திறக்காமலும் பார்க்கலாம். இந்தப் பென் டிரைவ்ல ஒரு சோதனை இருக்கு. ரேமோட மூலை முடுக்கெல்லாம் போய் எழுதிப் பார்க்கும், எழுதினதைத் திரும்பப் படிச்சும் பார்க்கும். எழுதினது ஒண்ணு, படிச்சது ஒண்ணுன்னா அங்கயே சிவப்புக் கோடு போட்டுடும்.

— அப்போ திறக்கவே வேண்டாம்!

— அடடா, முகத்துல என்ன வெளிச்சம்! சிவப்பு வந்தாத்தான் திறப்போம்.

— ஓ. சிவப்பு வந்தா திறப்பியா.

— வெளிச்சம் அணைஞ்சு போச்சே. நகருங்க, சொருகறேன். ஆச்சு, ஓட ஆரம்பிச்சுடுச்சு. பாருங்க, கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. நம்ம மிஷின்ல என்னென்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு மேல வரிசையா எழுதியிருக்கு. படிங்க.

— சிவப்பு எங்க வரும்?

— அது கீழ வரும். நான் மேல படிக்கச் சொன்னேன்.

— நான் கீழயே பார்த்துக்கறேன்.

— உங்க இஷ்டம். ஒரு சுத்து முடிய ஒரு மணி நேரம் ஆகும். நகத்தைக் கடிக்காதீங்க, வரையற கை, விரலெல்லாம் மசி.

— எத்தனை சதவீதம் ஆச்சு?

— இப்பத்தானே ஆரம்பிச்சது. ரெண்டு.

— நான் வேணும்னா கடைக்குப் போய் ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?

— என்ன வாங்கப் போறீங்க?

— போனாத்தானே தெரியும்.

— உக்காருங்க.

— இப்ப?

— தொண்ணூறு. ஒரு கோடுகூட இல்ல.

— நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? டாக்டரம்மா ஒருவேளை வேண்டாம்னுட்டா என்ன பண்ணுவ?

— என்ன பண்ணுவேன்? நாளைக்குக் காலைல எழுந்து லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடப் போவேன்.

— அவ்வளவுதானா?

— பதினெட்டு வருஷமா எவனோ செஞ்ச மிஷினைத்தாங்க நான் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். நல்லா ஓடினா அவன் பேரு, நின்னுபோனா என் ஃபோன் நம்பர். முதல் ஸ்க்ரூவில இருந்து நானே செஞ்சது எங்கயாவது ஒரு ரூம்ல நின்னு ஓடணும். காலைல யாரோ ஒருத்தர் வந்து சுவிட்சைப் போட்டா சத்தமில்லாம எழுந்து வேலையைப் பார்க்கணும். அப்படி ஒரு ஆசை, வேற ஒண்ணுமில்ல. என்னங்க, எங்க எழுந்துட்டீங்க?

— தண்ணி கொண்டு வரட்டுமா?

— நழுவாதீங்க.

— இல்ல, எனக்கே தாகமா இருக்கு.

— குடிச்சிட்டு வாங்க. தொண்ணூத்தாறு ஆயிடுச்சு.

— வந்துட்டேன். சொல்லு.

— தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பது. முடிஞ்சுது. பிழை பூஜ்யம்.

— என்னது?

— பூஜ்யம். ரேம் நல்லா இருக்கு.

— இருக்காதே! சரியாப் பாரு. சிவப்பு வரணுமே!

— ஏன் வரணும்?

— ஹா?

— ஏங்க, ஏன் வரணும்னு கேட்டேன்.

— அது வந்து... பொதுவா ரேம்னா...

— பொதுவா ரேம்னா?

— இன்னொரு சுத்து விடேன்.

— விடறேன். ஆனா மணி மூணே முக்கால். இன்னொரு சுத்து முடியறதுக்குள்ள டாக்டரம்மா கூப்பிட்டுடுவாங்க. அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லிடுங்க.

— கோவப்படக் கூடாது.

— கேட்டுட்டு முடிவு பண்றேன்.

— போன மாசம் பயிற்சின்னு நாலு நாள் வெளியூர் போனியே. அப்பத்தான் தவளையை வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். மிஷின் தள்ளாடித் தள்ளாடி நடக்குது. இன்னொரு எட்டு ஜிபி ரேம் போடலாமான்னு உன்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கேன். "எட்டு போதும், முதல்ல படத்துல லேயர் லேயரா அடுக்கறதைக் குறைங்க"ன்னு சொல்லிட்ட.

— ஒரு தவளைக்கு நூத்தி நாப்பது லேயர். யானை வரைஞ்சா வீட்டை வித்துடணும்.

— அந்தப் பேச்சுலதான் எனக்கு ரோஷம் வந்துச்சு. பழைய சாமான் கடைக்குப் போனேன். அங்க ஒரு ரேம் கிடைச்சுது. வாங்கிட்டு வந்து... நானே சொருகிட்டேன்.

— நீங்களா? பல்பு மாத்தவே என்னைத்தானே கூப்பிடுவீங்க?

— வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். மூணு தடவை பார்த்தேன். கடைசியில க்ளிக்னு ஒரு சத்தம் வந்துச்சு பாரு, அப்படியே மிதந்தேன். உனக்குத் தினமும் இப்படித்தான் இருக்குமான்னு நினைச்சேன்.

— ம். அப்புறம்?

— ரெண்டு நாள் மிஷின் பறந்துச்சு. மூணாம் நாள் குடல் போச்சு.

— அன்னைக்கே கழட்டி எறிஞ்சிருக்கலாமே.

— போட வந்த கைக்குக் கழட்ட வரல. அந்த ஓரத்து க்ளிப் அசையவே மாட்டேங்குது. உடைச்சா ஒரு குத்தம் ரெண்டாயிடும்னு மூடி வச்சிட்டேன்.

— மூடி வச்சதுகூடச் சரி. டாக்டரம்மா முன்னாடி என் தலையில கட்டினீங்களே?

— நீ அங்கயே எழுந்து பெட்டியைத் திறந்துடுவியோன்னு பயந்துட்டேன். பேச்சை மாத்தணும்னு வாயில வந்ததைச் சொன்னேன். சொன்ன நிமிஷம் உன் முகத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்கு ஒரு வாய் இறங்கல.

— ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க.

— வாங்கினேன். இறங்கல.

— சரி, அடுத்தது. இப்பப் பெட்டியைத் திறக்கலாமா?

— திற. இனிமே என்ன.

— எண்ணுங்க. எத்தனை ரேம் இருக்கு?

— ஒண்ணு. அப்புறம்... இரு. ஒண்ணுதான் இருக்கு. நான் போட்டது எங்க?

— என் டூல் பாக்ஸ்ல. வெள்ளிக்கிழமை நீங்க பதிப்பகத்துக்குப் போயிருந்தப்போ தூசி தட்டத் திறந்தேன். நான் வாங்காத ஒண்ணு என் மிஷின்ல உக்காந்திருக்கு, அது ஓரத்துல நீல மசி விரல் ரேகை. இந்த வீட்ல மசிக்கை வச்சிருக்கற திருடன் யாரு?

— ஐயோ.

— என்னோடதைக் கழட்டிட்டு உங்களதை மட்டும் விட்டு இதே சோதனையைப் போட்டேன். பதினோராவது நிமிஷம் திரை முழுக்கச் சிவப்பு. சொருகற ஸ்லாட்டை மாத்தினேன், அங்கயும் சிவப்பு. அதே ரெண்டு ஸ்லாட்லயும் என்னோடதைப் போட்டா ஒரு கோடு இல்ல. ஆக ஸ்லாட் நல்லது, போர்டு நல்லது, நான் கட்டினது நல்லது. சொருகினதுதான் கெட்டது. சொருகினவரைப் பத்தி இன்னும் முடிவுக்கு வரல.

— அப்போ ஒரு மணி நேரமா என்னைக் கட்டில் மேல உக்கார வச்சு வறுத்தெடுத்தியே, அதுக்கு என்ன பேரு?

— படிங்க படிங்கன்னு சொன்னேனே. மேல எட்டு ஜிபின்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. உங்களதும் உள்ள இருந்திருந்தா பதினாறுன்னு காட்டியிருக்கும்.

— கொலைகாரி.

— லிஃப்ட்ல மாட்டினவங்க உள்ள இருந்து தட்டணுங்க. அப்பத்தான் திறக்க முடியும். எவ்வளவு நேரம் வெளிய நின்னேன் தெரியுமா?

— ரெண்டு நாளா அது நிக்கவே இல்லையேன்னு பார்த்தேன். நமக்கு நல்ல காலம்னு நினைச்சுட்டேன்.

— நினைப்பீங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? இதெல்லாம் சிரிச்சுட்டுப் போறதுதான். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துது. இந்த ரூமுக்குள்ள எனக்கு உண்மை தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? டாக்டரம்மா மனசுல நான் கட்டினா இப்படித்தான்னு விழுந்தது விழுந்ததுதானே? அதை யார் போய் எடுக்கறது?

— அது வந்து... அதைப் பத்தி நான் உன்கிட்ட...

— ஃபோன் அடிக்குது. டாக்டரம்மாதான். என் கையெல்லாம் தூசி, ஸ்பீக்கர்ல போடுங்க.

— நான் வேணும்னா வெளிய போய் நிக்கட்டுமா?

— உக்காருங்க. ஹலோ, டாக்டர், சொல்லுங்க.

— என்னம்மா லிஃப்ட், கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது?

— ஸ்பீக்கர்ல இருக்கீங்க டாக்டர். கையில வேலை.

— இருக்கட்டும். ஊசி போடறதுக்கு முன்னாடி கதை பேசறது எனக்குப் பழக்கமில்ல. ஏழு மிஷினும் நீதான் கட்டற. அடுத்த மாசக் கடைசிக்குள்ள முடியுமா?

— டாக்டர்... முடியும். ஆனா நீங்க தெரிஞ்சுக்கிட்டு எடுத்த முடிவா இருக்கணும். அன்னைக்கு எங்க வீட்ல அது நின்னுச்சே, அந்தக் கோளாறு...

— சொல்லாம சொருகின ரேம் கதைதானே? எல்லாம் தெரியும். அதைக் கேட்ட அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். மேஸ்திரி கட்டடம் முடிக்கற தேதியைச் சொல்லட்டும்னுதான் இத்தனை நாள் இழுத்தேன்.

— உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? எனக்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

— அப்போ உன்கிட்ட இன்னும் வாயைத் திறக்கலையா, அந்த மனுஷன்?

— உங்ககிட்டயா? எப்போ வந்தார்?

— மறுநாளேம்மா. திங்கக்கிழமை காலைல நான் பழைய கிளினிக்கைத் திறக்கப் போறேன், வாசப்படியில உக்காந்திருக்கார். சரி, ராத்திரியெல்லாம் வலி போலிருக்குன்னு நாற்காலியில சாய்ச்சு, விளக்கைப் போட்டு, எந்தப் பல்லுன்னு கேட்டேன். பல்லு இல்ல டாக்டர், நாக்குன்னார்.