தண்ணி குடிக்காதீங்க

பைக்க ஓட்டிக்கினு இருக்கேன். நடுவுல அந்தோணி மாமா. பின்னால என் கூட்டாளி தாமஸ், மாமாவக் கட்டிப் புடிச்சிக்கினு. மாமா தல என் தோள்ல இடிக்குது. இடிக்குது. சரியுது. தாமஸ் தூக்கி வெக்கறான். திரும்ப சரியுது.

இப்பதான் விடிஞ்சிருக்கு. ரயில்வே கேட்டு மூடிக் கெடக்குது. மணி அடிக்குது. டிங் டிங் டிங். திண்டிவனம் அந்தாண்ட. நாங்க இந்தாண்ட.

"கேட்டத் தெறங்கண்ணே! ஆளு பூடும்ணே!" தாமஸ் கத்துறான்.

கேட்டுக்காரரு கையாலயே நில்லுன்னு காட்றாரு. ட்ரெய்னு வருது. கூட்ஸு. பொட்டி பொட்டியா போவுது. முடியவே இல்ல. என் முதுகு ஈரமாவுது. மாமா வாந்தி எடுக்கறாரு. வெறும் தண்ணியா வருது. ஒதட்ட அசைக்கறாரு. ட்ரெய்னு சத்தத்துல கேக்கல. காதக் குடுத்தேன்.

"நான் குடிக்கலடா."

நேத்து மத்தியானத்துலேர்ந்து இதே வார்த்த. யாரும் நம்பல. அந்த நிமிஷம் வரைக்கும் நானும் நம்பல.

அவரு குடிச்சாரு. எதக் குடிச்சாருன்னு சொல்லத்தான் இத எழுதறேன். எனக்கு எட்டாவதுக்கு மேல படிப்பு ஏறல. தப்பு இருக்கும். சிரிச்சிக்குங்க. ஆனா முழுசா படிங்க.

அந்தோணி மாமா எங்கம்மாவோட தம்பி. கொத்தனாரு. வேலைல சுத்தம். சாயங்காலம் ஆனா செவுரு நேரா நிக்கும், மாமா கோணலா நிப்பாரு. சாராயம். ஊருக்கே தெரியும்.

எங்க மாதா கோயில் தெருவுல ஒரு வழக்கம். திருவிழா கொடியேத்தத்தன்னிக்கி, குடிய விடறவங்க கொடிமரத்துகிட்ட போய் நிப்பாங்க. சாமியாரு நீலக் கயிறு மந்திரிச்சி குடுப்பாரு. மணிக்கட்டுல கட்டிக்கணும். தேர் ஓடற வரைக்கும் அவுக்கக்கூடாது. நடுவுல குடிச்சிட்டா கட்டுனவன் பொண்டாட்டியே அறுத்துடணும். தெரு பாக்க.

மாமா வருஷா வருஷம் கட்டுவாரு. நாலு நாள்ல கயிறு காணாம பூடும். "குளிக்கறப்ப அவுந்துடுச்சி"ம்பாரு. "எதுல குளிச்ச மாமா, குவாட்டர்லயா?"ம்பேன் நான்.

இந்த வருஷம் நின்னுச்சி. தேர் நாளு நெருங்கிடுச்சி, கயிறு இன்னும் கையிலயே இருக்குது. சிமெண்டும் அழுக்கும் ஏறி கருநீலம் ஆயிடுச்சி. ரீட்டா அத்த அந்தக் கயித்தப் பாத்துக்கினேதான் அவருக்கு சோறு போடுவாங்க. அவரு மூஞ்சப் பாக்க மாட்டாங்க. கயித்த மட்டும்.

திருவிழாவுக்கு முன்னாடி தெருவுல சாக்கடை நோண்டுனாங்க. ஜேசிபி பல்லு பட்டு கொழா பைப்பு ஒடஞ்சிது. சைக்கிள் ட்யூப வெட்டி, இறுக்கிக் கட்டி, மண்ணத் தள்ளிட்டுப் போய்ட்டாங்க. பைப்பு மேல சாக்கடை ஓடுது. தண்ணி வுடறப்ப பைப்புலேர்ந்து வெளில கசியும். தண்ணி நின்னா வெளில இருக்கறத உள்ள இழுத்துக்கும். இது பின்னால வந்த ஆபீசரம்மா சொன்னது. அன்னிக்கி எங்களுக்குத் தெரியாது.

சனிக்கெழம. காலைல. கொழாய்ல மொதல்ல காத்து வருது. புஸ்ஸ்ஸ். அப்புறம் ரெண்டு இருமலு. கொர்ர். கொர்ர். அப்புறம் தண்ணி. கொடம் வரிசைல நிக்குது. கோயில் ஸ்பீக்கர்ல மாதா பாட்டு காதக் கிழிக்குது.

ஆட்டோ ஒண்ணு வருது. மேல மைக்செட்டு. போன வாரம்தான் அதே ஆட்டோ, அதே ஆளு, சாராய ஒழிப்புக்கு வந்துட்டுப் போனான். பின்னால மண்ட ஓடு படம் போட்ட பேனரு. அத அவுக்காமலே வந்துட்டான்.

எங்க காதுல வுழுந்தது இவ்ளோதான். "பொதுமக்களே... கர்ர்ர்... தண்ணி குடிக்காதீங்க... உயிருக்கு ஆபத்து... கர்ர்ர்... வாந்தி மயக்கம் வந்தா..."

நடுவுல அவன் 'கொழா'ன்னு சொல்லியிருக்கான். 'டேங்க்'குன்னு சொல்லியிருக்கான். அத மாதா பாட்டு முழுங்கிடுச்சி. எங்க ஊருல தண்ணின்னா ரெண்டு. கொடத்துல புடிக்கறது ஒண்ணு. பாட்டில்ல புடிக்கறது ஒண்ணு. மண்ட ஓட்டப் பாத்தோம். எந்தத் தண்ணின்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.

"மாமோவ்! உனக்கோசரம் கவர்மெண்டே ஆட்டோ வுட்டுருக்குது!" தாமஸ்தான் ஆரம்பிச்சான்.

நான் சும்மா இருப்பனா? "பேர மட்டும்தான் சொல்லல மாமா. அடுத்த ரவுண்டுல இனிஷியலோட சொல்லுவான்."

கொழாவாண்ட நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிக்கறாங்க. கடைசி வீட்டு ஞானம்மா அக்கா கொடத்த எறக்கி வெச்சிட்டு சிரிக்கறாங்க. ரீட்டா அத்தயும் சிரிச்சாங்க. அத்த சிரிச்சி நான் பாத்தது ரொம்ப நாளைக்கப்புறம்.

மாமா கைய மேல தூக்குனாரு. கயிறு தெரியற மாதிரி. அத்த கையிலேர்ந்து சொம்பப் புடுங்குனாரு. கொழாய்ல நெறைய புடிச்சாரு. நடுத்தெருவுல போய் நின்னாரு.

"தண்ணி குடிக்கக்கூடாதா? இந்தா குடிக்கறேன்! எவன் கேக்கறான்னு பாக்கறேன்!"

அண்ணாந்து ஊத்துனாரு. மடக் மடக். தொண்ட ஏறி எறங்குது. ஒரு சொம்பு காலி. திரும்பப் புடிச்சாரு. ரெண்டாவதும் காலி. தெருவே கை தட்டுச்சி.

ஆட்டோக்காரன் பாத்துட்டான். வெளில எட்டி கைய ஆட்னான். வேணாம் வேணாம்னு. நாங்களும் டாட்டா காட்னோம். ஆட்டோ திரும்பிப் போயிடுச்சி.

ஞாயித்துக்கெழம மத்தியானம். மாமா கோயில் பக்கம் போனவரு வர்றாரு. செவுத்தப் புடிச்சிக்கினு. கோணலா. தெரு பாக்குது. வாசல்ல குந்தி வாந்தி எடுத்தாரு.

அத்த ஓடியாந்தாங்க. ஒரு செகண்டு நின்னாங்க.

"வாய ஊதுய்யா."

"நான் குடிக்கலடி."

"ஊது!"

ஊத வாயத் தெறந்தாரு. திரும்ப வாந்திதான் வந்துது. நாத்தம் இல்லையேன்னு எங்கம்மா சொல்லுச்சி. "பாக்கெட் சரக்குல இப்பல்லாம் நாத்தமே வராதும்மா"ன்னான் தாமஸ். அதோட முடிஞ்சிது. அத்த உள்ள போய் கத்தி எடுத்தாந்தாங்க. மாமா கையப் புடிச்சாங்க. கயித்த அறுத்தாங்க. டக். சின்ன சத்தம்தான். தெருவுல அத்தன பேருக்கும் கேட்டுது.

அப்புறம் போத தெளியணும்னு மோரு கலக்கிக் குடுத்தாங்க. கொழாத் தண்ணில கலந்த மோரு. குடிச்சாரு. பேதி ஆவுது. திரும்பக் கலக்கிக் குடுத்தாங்க. குடிச்சாரு. தெளிய தெளியன்னு அத்த ஊத்திக்கினே இருந்தாங்க. பாவம், அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதான்.

காலைல கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு. வெரல் தோலு சுருங்கி, துணி தொவச்ச கையாட்டம். கூப்ட்டா திரும்பல. அப்பதான் பைக்க எடுத்தேன்.

கேட்டு தெறந்துது. மண்டி ரோட்டுல மல்லாட்ட, அதான் வேர்க்கடல, மூட்ட லாரிங்க குறுக்க நிக்குது. "ஒதுங்கு! ஒதுங்கு! ஜல்தி!" எப்டி வந்தேன்னு தெரியல. ஆஸ்பத்திரி.

நர்ஸ் அக்கா ஊசியக் குத்திக்கினே கேட்டாங்க. "என்ன குடிச்சாரு?"

மாமாவே சொன்னாரு. "தண்ணி."

"எங்க வாங்குனது?"

"எங்க தெரு கொழாய்ல."

அந்தக்கா என்னப் பாத்தாங்க. "தம்பி, ஆளு கிண்டல் பண்றாரா?"

"எங்க வீட்ல கிண்டல் பண்றது நான்தாங்க்கா. அவரு இல்ல."

சொல்லும்போதே வெளில ஷேர் ஆட்டோ வந்து நிக்குது. ஞானம்மா அக்காவ ரெண்டு பேரு தூக்கிக்கினு வர்றாங்க. அவங்க ஜென்மத்துல சாராயம் தொட்டவங்க இல்ல. பின்னாலயே எங்க பக்கத்து வீட்டு ஜெபா. முழுகாம இருக்கற பொண்ணு. அதுக்குப் பின்னால பள்ளிக்கூடப் புள்ளைங்க. சட்ட எல்லாம் வாந்தி. எல்லாம் எங்க தெரு மூஞ்சிங்க.

ஆட்டோ சத்தம் இப்பதான் முழுசா காதுல கேக்குது. மண்ட ஓடு. கைய ஆட்டுன ஆளு. ரெண்டு சொம்பு.

நர்ஸ் அக்கா கத்துனாங்க. "எல்லாரும் ஒரே தெருவா? அந்தக் கொழாத் தண்ணிய யாரும் தொடக்கூடாது! போன் போடு! இப்பவே போடு!"

அத்தைக்குப் போட்டேன். அந்தப்பக்கம் கேக்குது. புஸ்ஸ்ஸ். கொர்ர். கொழாயாண்டதான் நிக்கறாங்க.

"அத்த! தண்ணி குடிக்காத!"

"மாமன் சாவக் கெடக்கான், இப்பவும் கிண்டலாடா உனக்கு? வெய்யி போன."

வெச்சிட்டாங்க. திரும்பப் போட்டேன். எடுக்கல. திரும்ப. எடுத்தாங்க.

"அத்த, மாதா மேல சத்தியம். கொழாத் தண்ணில சாக்கடை. தெருவே இங்க கெடக்குது. மாமா சாராயம் குடிக்கல அத்த. அந்த சொம்புத் தண்ணிதான்."

டங்குன்னு ஒரு சத்தம். கொடம். தண்ணி மட்டும் ஓடிக்கினு இருக்குது. அப்புறம் அத்த கொரலு. எங்கியோ தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி.

"அப்ப... நான் அறுத்தனேடா."

அவங்க ஆஸ்பத்திரிக்கி வந்தப்ப மாமாவுக்கு கிட்னி போச்சின்னு விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல நானும் அத்தயும் ஏறுனோம். சைரன் கத்துது. அத்த முந்தானைல முடிஞ்சி வெச்சிருந்தத அவுத்தாங்க. அறுந்த நீலக் கயிறு. மாமா கைல கட்டப் பாத்தாங்க. எட்டல. முடிச்சோட அறுத்ததுல கயிறு கொறஞ்சிடுச்சி. பல்லால பொடவ ஓரத்தக் கிழிச்சாங்க. அந்த நூல ஒட்டுப் போட்டுக் கட்டுனாங்க.

"நீ குடிக்கலய்யா. எனக்குத் தெரியும்யா. கேக்குதா?"

மாமா கண்ணு கயித்துமேல இருந்துது. கேட்டுதா இல்லையா, எனக்குத் தெரியாது. தெரியும்னு எழுத ஆசதான். எழுத மாட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டி கொஞ்ச தூரம். அந்தக் கண்ணு அப்டியே நின்னுடுச்சி.

அப்புறம் எல்லாரும் வந்தாங்க. டேங்கர் லாரி வந்துது. ஆபீசரம்மா சின்ன பாட்டில்ல தண்ணி புடிச்சிக்கினு போனாங்க. சைக்கிள் ட்யூப எடுத்துட்டு புது பைப்பு போட்டாங்க. அதே ஆட்டோ வந்துது. பேனரு இல்ல. "கொழாய்ல வர்ற தண்ணிய கொதிக்க வெச்சி ஆற வெச்சி குடிங்க." ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி சொல்றான். தெருவுல பாட்டு இல்ல. எல்லாம் தெளிவா கேட்டுது.

இப்பவும் கொழாய்ல காத்து வந்தா, புஸ்ஸுன்ன ஒடனே பொம்பளைங்க புள்ளைங்கள உள்ள இழுத்துக்கறாங்க. தண்ணி சுத்தமா இருக்குதுன்னு பேப்பரு ஒட்டியிருக்கு. இருந்தாலும் இழுத்துக்கறாங்க.

ஆனா பக்கத்து ஊருங்கள்ல பேச்சு வேற. நான் மல்லாட்ட மண்டில மூட்ட தூக்கறவன். அங்க ஒருத்தன் கேக்கறான். "உங்க மாமன் சரக்கு கேஸாமே?" அன்னிக்கித்தான் பேனா எடுத்தேன்.

போனதோட கணக்கு இது.

ஞானம்மா அக்கா. ஜெபா வயித்துல இருந்தது. அதுக்குப் பேரு வெக்கல. இன்னும் நடக்க முடியாத ஒரு பள்ளிக்கூடப் புள்ள. அது பேரச் சொல்ல வேணாம்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. தேர். அந்த வருஷம் கெளம்பல. பூ கட்டுனது கட்டுனபடி காஞ்சிது. ஒரு சொம்பு. அத்த கொல்லைல பொதச்சிட்டாங்க. நீலக் கயிறு ஒண்ணு, ஒட்டுப் போட்டது. அது மாமாவோட சவப்பொட்டிக்குள்ள போயிடுச்சி. 'தண்ணி'ன்ற வார்த்த. அத வெச்சி எங்க தெருவுல யாரும் இப்ப கிண்டல் பண்றதில்ல. நானும்தான்.

அந்தோணி மாமா. கொத்தனாரு. குடிச்சது ரெண்டு சொம்பு. கொழாத் தண்ணி.