விசில் அடித்தவன்

– ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். காபி வேணும்னா வாங்கித் தர்றேன் சார், அது வேற.

– நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையேம்மா.

– கேப்பீங்க. "என் பேரு பெர்னார்ட், உங்க கேஜிஎஃப் நாவல் விஷயமா பாக்கணும்"னு போன்ல சொன்னீங்க இல்ல? இதே மாதிரி ஏற்கனவே ரெண்டு பேரு வந்துட்டாங்க, எங்கூர்ச் சங்கத்துல இருந்து. மோனிகா, கதையை மாத்து, ஊரே தப்புப் பண்ணின மாதிரி எழுதிட்டே, ஊர் மானம் போவுதுன்னு. அண்ணா, ஒந்து காஃபி, பை-டூ கொடி! ஒண்ணை ரெண்டாப் பிரிச்சுத் தருவாரு சார்.

– லுக், மோனிகா. நான் எந்தச் சங்கமும் இல்ல. இங்க பெங்களூர்லயே, ஃப்ரேசர் டவுன்ல இருக்கேன். உன் புத்தகத்தை ரெண்டு தடவ படிச்சேன். சில கேள்வி இருக்கு, அவ்ளோதான்.

– அப்போ சீக்கிரம் கேளுங்க. சாயந்திரத்துக்குள்ள நான் பப்ளிஷருக்குப் பதில் சொல்லியாவணும்.

– என்ன பதில்?

– ரெண்டாவது பதிப்பு அச்சுக்குப் போவுது. முதல் பக்கத்துல ஒரு வரி போடணுங்கறாரு சீனிவாசராகவன் சார். "இக்கதை முழுவதும் கற்பனை." ஒண்ணு ஆதாரம் காட்டு, இல்ல அந்த வரிக்குக் கீழ கையெழுத்துப் போடு. ரெண்டும் இல்லன்னா புக்கே கிடையாதுன்னுட்டாரு.

– உளவாளி நாவல்னா அந்த வரி இருக்கத்தானே செய்யும்? போட்டுட்டுப் போயேன்.

– போட்டா எங்க அப்பாவோட தாத்தா துரோகியாவே இருப்பாரு.

– ஜெயவேலு.

– ஆமா. பேரைக்கூட மாத்தாமதான் எழுதினேன்.

– ஊர்ல அவரைப் பத்தி என்ன சொல்றாங்க? புத்தகத்துல இருக்கறது வேணாம். வீட்டுல நீ கேட்டதைச் சொல்லு.

– சண்டைக் காலம். நாப்பத்தி மூணு. மலேயாவுல இருந்து ஒரு பையன் வெள்ளைக்காரனை வேவு பாக்க வர்றான். நீர்மூழ்கிக் கப்பல்ல வந்து கரையேறி, எப்படியோ கேஜிஎஃப், அதான் எங்க கோலார் தங்கவயல், வந்து சேர்றான். போலீஸ் தேடுது. தாத்தா அவனை மைனுக்குள்ள, கைவிட்ட ஒரு சுரங்கத்துல ஒளிச்சு வக்கிறாரு. தன்னோட சோத்துல பாதி அவனுக்கு. ஒரு நாள் அந்த இருட்டுல ஒரு விசில் சத்தம். அடுத்த நிமிஷம் போலீஸ் லைட்டு. பையனை மெட்ராஸ் ஜெயில்ல தூக்குல போட்டாங்க. கூடவே புடிச்ச தாத்தாவைக் கொஞ்ச நாள்லயே வெளிய விட்டுட்டாங்க.

– அதனால காட்டிக் குடுத்தது அவர்தான்னு...

– அதனால மட்டும் இல்ல. மைனுக்குள்ள விசில் அடிக்கக் கூடாது சார். அடிச்சா பாறை எறங்கும்னு எங்காளுங்க நம்பிக்கை. குடிச்சிட்டு எறங்கினாக்கூட மன்னிப்பாங்க, விசிலுக்கு மன்னிப்பே கிடையாது. "நம்பி வந்தவனைக் காட்டிக் குடுத்தான், அதுவும் விசில் அடிச்சுக் காட்டிக் குடுத்தான்"னு ரெண்டு பழியும் அவர் தலையில. அதுக்கப்புறம் கேஜ்ல, அதான் ஆளை எறக்குற கூண்டுல, அவரோட ஒருத்தனும் ஏற மாட்டான். காலிக் கூண்டுல தனியா எறங்கி, தனியா ஏறினாரு. ரிட்டயர் ஆவுற வரைக்கும்.

– ஜீசஸ்.

– எங்க அப்பாவுக்குப் பொண்ணு கேட்டுப் போன வூட்டுல, வாசல்லயே விசில் அடிச்சுக் காட்டினானுங்க. காபி ஆறுது, குடிங்க.

– ஆனா உன் நாவல்ல அவர் நிரபராதி. என்ன ஆதாரம்?

– வந்துட்டீங்களா அதுக்கு? ஒண்ணும் இல்ல. கால் சென்டர்ல நைட் ஷிப்ட், ஹெட்செட் மாட்டிகினு எவனோ அமெரிக்காக்காரன் திட்டறதைக் கேட்டுகினு இருந்தேன். அப்ப தோணிச்சு. எங்கூர்க்காரன் துரோகியாவே இருக்கட்டும். அவனும் அதே பாறைக்குக் கீழதானே நிக்கிறான்? தன் தலை மேல தானே பாறையை எறக்கிக்குவானா? காத்துக் குழாய்ல ரெண்டு தட்டுத் தட்டினா போதும். எங்காளுங்க சைகை அதுதான். விசில் அடிச்சவனுக்கு அந்த பயமே இல்ல. இல்லன்னா அவன் மைன்ல வேலை செஞ்சவனே இல்ல.

– இவ்ளோ வருஷத்துல இதை யாரும் யோசிக்கலையா?

– திட்டறதுல மும்முரமா இருந்தா எங்க யோசிக்கிறது? அன்னிக்கு ஹெட்செட்டைக் கழட்டி வச்சவதான். திரும்பிப் போவல. எழுத உக்காந்துட்டேன்.

– சரி, அப்போ உன் நாவல்ல விசில் அடிக்கிற அந்த க்ளார்க், ஆல்பர்ட்?

– நானே உண்டாக்கினவன். மைனுக்குள்ள வந்து போவ உரிமை இருக்கணும், ஆனா மைன் பழக்கம் தெரியக் கூடாது. தொழிலாளிங்க வருகையைப் பதியற டைம் ஆபீஸ் க்ளார்க்குன்னா பொருந்தும். வச்சேன்.

– ஷூ?

– இன்னா ஷூ?

– ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ஆல்பர்ட் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டே விசில் அடிப்பான்னு எழுதியிருக்கே. யார் சொன்னது?

– யாரும் சொல்லல சார். பிரஷ் ஓட ஒரு தாளம் வேணும். விசில் வாயில ஊறிப் போயிருந்தாதான் பதட்டத்துல அதுவா வரும். இன்னா இப்படிப் பாக்கறீங்க?

– ஒண்ணும் இல்ல. ஜெயவேலுவைப் போலீஸ் ஏன் விட்டுச்சு?

– ஒருத்தனை வெளிய விட்டா ஊரே அவனைத்தான் பாக்கும். நிஜமா காட்டிக் குடுத்தவனை யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அவன் ப்ரமோஷன் வாங்கிகினு, பெங்களூர் வந்து ஜாலியா இருந்திருப்பான்.

– ஜாலியாவா... சரி, விடு. லுக், அந்த விசில் அடிச்சப்போ பக்கத்துல ஒரு போலீஸ்காரன் நின்னான். மாரிக்குப்பத்துப் பையன், சுரங்கக் குடும்பம். விசில் கேட்டதும் அவன் உடம்பு ஆடிப்போச்சு. கூரையவே பாத்துக்கிட்டு நின்னானாம். எதுக்கு இந்த ஆள் இப்படி நடுங்கறான்னு விசில் அடிச்சவருக்குக் கடைசி வரைக்கும் புரியல. உன் புத்தகத்தைப் படிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது.

– இருங்க, இருங்க. இது என் நாவல்ல இல்ல.

– இல்ல.

– அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?

– அங்க நின்ன ஆள் வாயாலயே கேட்டேன். விசில் அடிச்சது ஜெயவேலு இல்ல. டைம் ஆபீஸ் க்ளார்க்தான். பேரைத் தவிர நீ எழுதினது அத்தனையும் சரி.

– சார்... நிஜமாவா? நான் சும்மா யோசிச்சு வச்சதை...

– பப்ளிஷருக்குப் போன் போடு. ஆதாரம் எதிர்ல உக்காந்து காபி குடிக்குதுன்னு சொல்லு.

– எங்கூர்ல வந்து சொல்வீங்களா? அந்தச் சங்கத்துக்காரங்க மூஞ்சிக்கு முன்னாடி?

– மைக் குடுத்தா மைக்லயே சொல்றேன். அதுக்குத்தான் வந்தேன்.

– ஹலோ, சீனிவாசராகவன் சார்! மோனிகா. கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வரியைத் தூக்கிக் குப்பையில போடுங்க. இருக்கு சார், ஆதாரம் இருக்கு! எங்க தாத்தா விசில் அடிக்கல! அடிக்கவே இல்ல!

– மெதுவாம்மா. ஓட்டல்ல எல்லாரும் பாக்கறாங்க.

– பாக்கட்டும் சார். எண்பது வருஷமா வேற மாதிரி பாத்தாங்க. ஹலோ, லைன்லதான் இருக்கேன். ஆமா, சாட்சி. நேர்ல வந்து சொல்வாரு. யாருன்னா... சார், சாட்சி யாருன்னு கேக்கறாரு. அந்தப் போலீஸ்காரரோட பையன்னு சொல்லிடவா?

– இல்லம்மா. ஆல்பர்ட்டோட பையன்னு சொல்லு.