விரலை எடுத்தால்தான் நிற்கும்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, மென்பொருள் எழுதும் தோழர்களே, முன்வரிசையில் என்னைக் கவலையோடு பார்க்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் கையேடுகளின் திருத்துநர், நாம் ‘சந்தேகத் திலகம்’ என்று அழைத்த அண்ணன், நம்மை விட்டுப் போய்விட்டார்.

நேற்று அண்ணியைப் பார்க்கப் போனேன்.

“லிஃப்ட் பட்டனை நான் அமுக்கினாலும் பின்னாடியே வந்து அவரும் ஒருவாட்டி அமுக்குவாருப்பா. கேட்டா, ‘நீ அமுக்கினதுக்கு என்ன சாட்சி?’ம்பாரு.”

சிரித்தார். பிறகு அழுதார்.

எந்த வரியை அண்ணன் நம்பினார்? தொடுதிரை பற்றிய எந்த வாக்கியத்தையாவது தொட்டுப் பார்க்காமல் விட்டாரா? ஈர விரலால் தொட்டார். கையுறை போட்டுத் தொட்டார்.

நோயாளிகளுக்கான மோட்டார் கட்டில். அதன் தொடுதிரை மென்பொருள் நம்முடையது. ‘நிறுத்து பொத்தானில் விரலை வைத்ததும் கட்டில் நிற்கும்’ என்றது நம் கையேடு. அண்ணன் விரலை வைத்தார். கட்டில் இறங்கிக்கொண்டே இருந்தது! விரலை எடுத்த பிறகே நின்றது. ‘எடுத்ததும்’ என்று திருத்தினார்.

“ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அலப்பறையாண்ணே?” என்றார் அதை எழுதிய தோழர்.

“பதறினவன் விரலை எடுப்பானாய்யா? இன்னும்தான் அழுத்துவான். அடியில யார் காலாவது மாட்டியிருக்கும். வரியை நான் மாத்திட்டேன். கட்டிலை நீ மாத்து.”

கட்டில் மாறவில்லை. இன்று காலை கையேட்டைத் திறந்தேன். வரிதான் மாறியிருந்தது. பழையது திரும்பி வந்திருக்கிறது!

யார் மாற்றியது? அண்ணி கண்ணீர் காயுமுன் என்ன அவசரம்? ‘எடுத்ததும்’ என்று அச்சானால், வாங்குபவர் ஏன் என்று கேட்பார். மென்பொருளையே திருத்த வேண்டிவரும். அதனாலா? எனக்குத் தெரியாது. சந்தேகப்படுகிறேன்.

சற்றுமுன் மேலாளர், ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்றார். மன்னியுங்கள், அந்த வாக்கியத்தையும் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

கட்டில் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வாருங்கள். அதன் அடியில் ஒரு காலி அட்டைப்பெட்டி வைக்கிறேன். மேலாளர் அவர்களே, கட்டில் இறங்கும்போது நிறுத்து பொத்தானில் உங்கள் விரலை வையுங்கள். எடுக்காதீர்கள்.

பெட்டி நசுங்கினால், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அந்த வரியைத் திருத்துவேன். மறுநாள் அது இருக்கிறதா என்று பார்ப்பேன். கட்டில் திருந்தும்வரை தினமும் பார்ப்பேன். அண்ணன் பெயரால் இது என் உறுதி.

அண்ணி, முதலில் நீங்கள் வாருங்கள். சாட்சி வேண்டும்.