புளியமரத்துக் கிளி விஷயமாக டீக்கடை துரைக்கண்ணு சொன்னது

என் பெயர் துரைக்கண்ணு, வயது நாற்பத்தொன்பது, தகப்பனார் பெயர் பஞ்சாட்சரம். வட ஆற்காடு மாவட்டம், ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். செங்கம் புளி வியாபாரி சக்கரவர்த்தி என்பவர், என் மகள் பாஞ்சாலியும் வாணியம்பாடி நசருல்லா என்பவரும் பழக்கிய கிளியைக் காட்டி ஜனங்களிடம் பணம் வாங்கப் பார்த்தார்கள் என்று கொடுத்த புகார் சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் சக்கரவர்த்தி சொல்லியிருப்பார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பறவை பார்க்கப் போன இடத்தில் ஊரே பார்த்திருக்க, ஏரிக்கரை மரத்து உச்சியில் கருங்கழுகு உட்கார்ந்திருப்பதாகக் கூவி, தண்டவாளத் துண்டை ஓங்கித் தட்டினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அது ஒரு கிழிந்த கறுப்புக் குடை. போதாததற்கு அது என் குடை. ஐப்பசிக் காற்றில் கையைவிட்டுப் போனது. என் மனைவி செல்லியம்மாள், "நம்ம வூட்டுக் கழுகுதான், எறக்கிக்கினு வா, காம்பாவது ஆவும்" என்று சொல்ல, கூட்டம் சிரித்தது. இந்தத் தட்டுகிற வேலைதான் பின்னால் என் மகளுக்கு வினையாக வந்தது என்பதால் இதைச் சொல்கிறேன்.

நடந்தது வருமாறு. எங்கள் ஏரிக்கரையில் ஊர்ப் பொதுவில் பெரிய புளியமரங்கள் நிற்கின்றன. மழை நல்லபடியாகப் பெய்த வருஷங்களில் அவற்றில் நாரையும் கொக்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குஞ்சு இறகு முளைக்காமல் இருக்கும் அதே சமயத்தில்தான் புளியும் பழுக்கும். மகசூலை ஏலம் எடுத்தவர்கள் கொக்கிக் கழியால் கிளைகளை உலுக்கும்போது புளியோடு குஞ்சும் கீழே விழும். பல வருஷமாக ஏலம் எடுப்பவர் சக்கரவர்த்தி. இந்த வருஷம் ஏலத் தொகையை ஊரார் சேர்ந்து கட்டிவிட்டால், குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தில் யாரும் ஏற வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். அந்தப் பணத்துக்காகத்தான் பறவை பார்க்கும் நடை வைத்தார்கள். காலையில் எல்லோரும் சேர்ந்து நடப்பது, புதிதாக ஒரு ஜாதிப் பறவை கண்ணில் பட்டால் ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிக் கொடுத்தபடி அதற்கு இவ்வளவு என்று தருவது, இதுதான் ஏற்பாடு. எத்தனை ஜாதி கண்டோம் என்பது பின்னால் வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக, பஸ் புறப்படும்போது என் கடையில் தட்டுகிற தண்டவாளத் துண்டை எடுத்துக்கொண்டு, ஜாதிக்கு ஒரு தரம் தட்ட என்னையும் வரச் சொன்னார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் நசருல்லா. வாணியம்பாடியில் தோல் மண்டியில் வேலை. அவர் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது, மறைக்கவில்லை. தோல் மண்டிக்காரருக்கு இறகின் மேல் என்ன அக்கறை என்று நினைத்தேன். கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர் சந்தன மரத்துக்கு ஆள் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். என் மகள் பறவைப் பெயர்களை மளமளவென்று சொல்ல ஆரம்பித்ததும் வேறு விதமாகவும் நினைத்தேன். அவரோ தம் மனைவி ஜோஹராவை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். அந்தம்மா என் மனைவியிடம் சாமைச் சோறு ஆக்கும் பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் நான் பறவையைப் பார்க்கப் போகவில்லை, பார்ப்பவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

அன்று காலை செங்கத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸில் சக்கரவர்த்தியிடம் எடை போடும் தங்கவேல் இறங்கினான். கையில் துண்டால் வாய் கட்டிய கூடை ஒன்று இருந்தது. டீ குடித்துவிட்டு ஒரு பிடி நெல் கிடைக்குமா என்று கேட்டான்.

"இது மலைப்பா. சாமை இருக்குது, தெனை இருக்குது. நெல்லு இன்னாத்துக்கு?" என்றேன்.

"சாமை திங்காதுங்க" என்றான்.

"யாரு?"

கொஞ்சம் யோசித்து, "எங்க மொதலாளி வூட்டு அம்மா" என்றான்.

உமியோடு நெல் தின்னும் அம்மாவை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் பெரிய இடத்துச் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று, சந்தவாசல் மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்த நெல்லில் ஒரு பிடி கொடுத்தேன். கூடையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனான்.

அதன் பிறகு நடை ஆரம்பித்தது. குடை விஷயம் நடந்தது மேலே சொன்னபடி. அதற்குப் பின் பாஞ்சாலி என்னிடம், "நைனா, நான் கையைத் தூக்கினா மட்டும் தட்டு" என்று கண்டித்துச் சொன்னாள். நானும் ஒழுங்காகத் தட்டிக்கொண்டு வந்தேன். கடைசியாக ஏரிக்கரைப் புளியமரங்களுக்குக் கீழே வந்து சேர்ந்தோம். என் கடைப் பெஞ்சு ஒன்றை முன்னமே அங்கே கொண்டுபோய்ப் போட்டு, எல்லோரும் எழுதிக் கொடுத்த சீட்டுகளை அதன்மேல் அடுக்கி வைத்திருந்தோம். சக்கரவர்த்தி அங்கே ஏற்கெனவே வந்து நின்றார். அவரும் சீட்டு எழுதிக் கொடுத்தவர்தான். என்னைப் பார்த்து, "இன்னா துரைக்கண்ணு, கழுகு சுகமா?" என்று விசாரித்தார். மரத்தின் அந்தப் பக்கம் தங்கவேல் நின்றான், கையில் கூடை இல்லை.

அந்தச் சமயத்தில் தாழ்ந்த கிளையிலிருந்து பெரிய பச்சைக்கிளி ஒன்று தொப்பென்று பெஞ்சின்மேல் வந்து இறங்கியது. தோளில் சிவப்புத் திட்டு இருந்தது. அவ்வளவு பெரிய கிளியை எங்கள் மலையில் நான் கண்டதில்லை. குடையால் போன மானத்தைக் கிளியால் மீட்கும் அவசரத்தில் மகளின் கையைப் பார்க்காமல் தட்டிவிட்டேன். நசருல்லா என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டி, "அண்ணே, இத சேக்கக் கூடாது. இது நம்ம மலைக் கிளி இல்ல" என்றார். பாஞ்சாலியும் கையைத் தூக்கவில்லை. தட்டியது நான், அவள் அல்ல. இதைத் தனியாகக் கோடு போட்டு எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு அந்தக் கிளி சீட்டுக் கட்டருகே நடந்துபோய், மேலே இருந்த சீட்டை அலகால் உருவிப் பக்கத்தில் போட்டது. அடுத்ததை உருவியது. அதையும் போட்டது. மூன்றாவதை உருவி வாயில் வைத்துக்கொண்டு, கூலி கேட்பதுபோல் எங்களை நிமிர்ந்து பார்த்தது. சந்தையில் ஜோசியம் பார்த்திருக்கும் யாருக்கும் அது என்ன கிளி என்று சொல்லத் தேவையில்லை. கூட்டத்தில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு தன் சீட்டு வந்ததா என்று கேட்டாள்.

ஆனால் கிளி முதல் சீட்டைத் தொடும் முன்பே சக்கரவர்த்தி கத்திவிட்டார். "பழக்குன கிளிடா! றெக்கைய வெட்டி எடுத்தாந்து வுட்டுக் கணக்கு ஏத்துறாங்க!" என்றார். றெக்கை வெட்டியிருப்பது அதுவரை எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. கிளி சிறகை மடக்கித்தான் வைத்திருந்தது. அவர் நின்ற இடமோ எங்களுக்கும் பின்னால். தூரக்கண்ணாடி வைத்திருந்த நசருல்லாவுக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. பிறகு கூச்சலானது. சிலர் சீட்டைத் திரும்பக் கேட்டார்கள். பாஞ்சாலி பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டு, "கிளியச் சேக்கலைங்க, சேக்கலைங்க" என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். தண்டவாளச் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டதால் அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அந்தத் தள்ளுமுள்ளில் கிளியைக் காணோம். சாயங்காலம் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தோம்.

மறுநாள் புகார் கொடுத்திருப்பதாகத் தெரிந்தது. என் மகள் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள். மோசடி வழக்கில் பெயர் வந்தால் அந்த இடம் கிடைக்காது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. என் மனைவி அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

அதற்கும் மறுநாள் சக்கரவர்த்தி தாமாகவே என் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினார்.

"கிளி எங்கன்னா கண்ணுல பட்டுதா?" என்றார்.

"பறவைதானேங்க, பறந்திருக்கும்" என்றேன்.

"றெக்கை வெட்டுனது எங்க பறக்கும்?" என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தி, "துரைக்கண்ணு, நீ புள்ளயப் பெத்தவன். நானும் பெத்தவன். அந்த பாய் கூடையில கொண்டாந்தத நீ பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் பொண்ணு பேர நான் எடுத்துடறேன். பாய் வெளியூர் ஆளு, இன்னா கெட்டுடப் போறான்? மரம் எப்பவும்போல எனக்கு, படிப்பு உன் பொண்ணுக்கு. இன்னா சொல்றே?" என்றார்.

கூடை என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை. வேறு யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை. நான் பால் சட்டியைத் துலக்கிக்கொண்டிருந்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, டீக்குக் காசு கொடுக்காமல் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

நசருல்லா கையில் அன்று கூடை எதுவும் இல்லை. தூரக்கண்ணாடியும், அவர் மனைவி கட்டிக்கொடுத்த சோற்றுத் தூக்கும்தான் இருந்தன. அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகங்களை மேலே சொல்லியிருக்கிறேன். அவை என் புத்தி, அவர் குற்றம் அல்ல. இப்படிச் சொல்வதால் என் மகள் பெயர் புகாரிலேயே இருந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "பாத்தது எதுவோ அத மட்டும் சொல்லு நைனா, இந்தத் தடவையாவது அவசரப்படாதே" என்றாள்.

ஏட்டு ஐயா எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். குடை விஷயத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன், கூடாது என்றார். மற்றபடி நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாருக்கும் பயந்தோ யாரிடமும் எதையும் எதிர்பார்த்தோ சொல்லவில்லை, நடந்ததில் எதையும் கூட்டவும் இல்லை. குறைத்தது ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஞாயிறு சாயங்காலம் பெஞ்சைத் தூக்கி வந்தபோது, அதன் அடிக்கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிளியும் கூடவே வந்துவிட்டது. மிச்சமிருந்த சந்தவாசல் நெல்லைத் தின்கிறது, சாமையைத் தொடவில்லை. இப்போது ஸ்டேஷன் வாசலில் கோழிக்கூடையோடு இருக்கிறது. செங்கம் சந்தையில் ஜோசியம் சொல்பவர்களிடம் காட்டினால், சொந்தக்காரர் யார், அவரிடமிருந்து அதை வாங்கிப் போனவர் யார் என்பது தெரியவரும். என் கடையில் உட்கார்ந்து பேரம் பேசிய சக்கரவர்த்தியிடம் நான் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில், அவர் செருப்பு இடிக்கும் தூரத்தில் கவிழ்த்திருந்த கூடைக்குள் அந்தக் கிளி இருந்தது. அவர் எழுந்து போகும்வரை அதுவும் வாயைத் திறக்கவில்லை.

(ஒப்பம்) ப. துரைக்கண்ணு