காவற்படை இல்லாத இடம்

காட்டை நோக்கிப் பட்டாளம் பீரங்கி சுடுவதாயின், முதல்நாள் மாலைக்குள் தோட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விதி அது. அப்போது நான் பெரிய கிராணி, அலுவலகத்தின் தலைமை எழுத்தர். சுற்றறிக்கையைக் கோப்பில் சேர்த்தவன்.

1975. தீபாவளிக்கு மறுவாரம், திங்கட்கிழமை. முதல்நாள் தகவல் எதுவும் வரவில்லை. பனி விலகவில்லை. நீண்ட சீழ்க்கை. பிறகு நிலம் உதறுகிறது. மேல்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைக்குள் விழுகிறார்கள்.

"கூடையப் போடுங்கடி! கீழ ஓடுங்க!" கங்காணி முனியாண்டி கத்துகிறார்.

அவர் மனைவி லெட்சுமி எழுந்தாள். அடுத்த குண்டு அவள் நிரையிலேயே விழுந்தது.

தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்துக்கு எவரோடும் பகையில்லை. அரசாங்கத்தோடு போரிட்டுக் காட்டிலிருந்த ஆயுதக்காரர்கள் அரிசி கேட்டார்கள். இல்லை என்றோம். பட்டாளம் வழிகாட்ட ஆள் கேட்டது. அதற்கும் இல்லை. யார் பக்கமும் போவதில்லை என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தோம். முதலில் கையடித்தவர் முனியாண்டி.

லெட்சுமியின் அடக்கம் முடிந்ததும் அவரும் நானும் பட்டாள முகாமுக்குப் போனோம். அதிகாரி தேநீர் கொடுத்தார். எங்கள் தோட்டத்துத் தேநீர். விதி திருத்தப்பட்டுவிட்டதாம். தொழிலாளரே துப்பாக்கி ஏந்திக் காவற்படை அமைத்த இடங்களுக்கு மட்டுமே தகவல். திருத்தம் எங்களுக்கு வரவில்லையே என்றேன். அதுவும் காவற்படை உள்ள இடங்களுக்குத்தான் போனதாம். மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினேன்.

திரும்பும் வழியில் முனியாண்டி நின்றார். "துப்பாக்கி தூக்குனாத்தான் சொல்வானுங்களா? தூக்கிருவோம்லா."

"சத்தியம் என்னாவுறது, கங்காணி?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், கிராணி ஐயா. அவ உங்க மேலிடம் மாதிரியா? சொன்னா கேப்பா."

காவற்படை அமைந்தது. முனியாண்டி தலைவர். அன்று முதல் தகவல் தவறாமல் வந்தது. குண்டு விழும் நாளில் மேல்மலை காலி. பெண்கள் பிழைத்தார்கள். ஆனால் காட்டிலிருந்தவர்களுக்கு நாங்கள் இப்போது எதிரிகள். மார்கழியில் காவல் கொட்டகையைச் சுட்டார்கள். நான்கு வெடி. என் வீட்டுக் கண்ணாடி அதிர்ந்தது. "படு! சின்னையா, படு!" முனியாண்டியின் குரல். பிறகு குரல் இல்லை.

நடுநிலை நாடுகள் ஏன் போரில் இறங்குகின்றன என்று தடித்த நூல்கள் படித்திருக்கிறேன். கொள்கை, நட்பு, மானம் என்கிறார்கள். நாங்கள் இறங்கியது, குண்டு எப்போது விழும் என்று தெரிந்துகொள்ள.

இழந்தவர்கள்: லெட்சுமி. முனியாண்டி. அவரோடு காவல் நின்ற சின்னையா. மேல்மலையில் வேரோடு போன செடிகளைத் தோட்ட நிர்வாகியான துரை எண்ணிக்கொண்டார். சத்தியத்தை யாரும் எண்ணவில்லை.

காவற்படை இல்லாத தோட்டங்களுக்கும் இனி முன்னறிவிப்பு உண்டு என்று மேலிடம் பதில் எழுதியது. வந்து சேர்ந்த நாள்: 1977, தைப்பூசத்துக்கு மறுநாள்.